இயக்குநரின் கம்பீரமும் இடதுபக்க ஸ்பீக்கரும்

அந்த வானொலி நிலையத்தில் ஒரு பொருள் கெட்டுப்போவது அவ்வளவு சுலபமில்லை. உடையலாம், கிழியலாம், புகைகூட வரலாம். ஆனால் அது கெட்டுவிட்டது என்று ஆக வேண்டுமென்றால் ஒரு குழு கூட வேண்டும், பிஸ்கட் சாப்பிட வேண்டும், கலைய வேண்டும். அதுவரைக்கும் அது நல்ல பொருள்தான். இரண்டாம் ஸ்டுடியோவின் இடதுபக்க ஸ்பீக்கர் இப்படித்தான் கிழிந்த பிறகும் நெடுநாள் நல்ல பொருளாகவே காலம் தள்ளியது.

அது கிழிந்தபோது அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் நிலைய இயக்குநர். மற்றவர் ஒலிப்பதிவாளர் குண்டூசி. குண்டூசி என்பது அவருடைய அம்மா அப்பா வைத்த பெயரில்லை. எந்த அறையில் குண்டூசி விழுந்தாலும் அவருக்குக் கேட்டுவிடும் என்பதால் நிலையத்தார் வைத்தது. ஆளும் ஒல்லி என்பதால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இயக்குநர் தமது ஆண்டுவிழா உரையைப் பதிவு செய்ய வந்திருந்தார். நல்ல மனிதர், ஒரு குறையும் சொல்ல முடியாது, குரலைத் தவிர. அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு சின்னக் குரல் எப்படி வருகிறது என்று புதிதாகப் பார்ப்பவர்கள் அவருக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். பதிவு முடிந்து உரையைப் போட்டுக் கேட்டார். முகம் வாடிவிட்டது.

"கம்பீரம் பத்தலையே, குண்டூசி. கொஞ்சம் ஏத்துங்க."

ஏற்றினார்.

"இன்னும் கொஞ்சம்."

"சார், இதுக்கு மேல போனா ஸ்பீக்கர் தாங்காது."

"குரல் என்னோடது. தாங்குறதும் தாங்காததும் அது பாடு. ஏத்துங்கன்னா."

குண்டூசி ஏற்றினார். பதிவிலிருந்த இயக்குநர் "நாம்" என்று ஆரம்பித்தார். இடதுபக்க ஸ்பீக்கர் 'டப்' என்றது. உள்ளே காகிதக் கூம்பைப் பிடித்திருக்கும் ரப்பர் விளிம்பு கிழிந்து, ஒரு முழு உரையையும் 'பர்ர்ர்' என்று பின்னாலிருந்து வழிமொழிய ஆரம்பித்தது. அதற்குள் இயக்குநருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. "இது! இதத்தான் கேட்டேன்!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

குண்டூசி நாற்காலியில் சாய்ந்து, மேசையின் வலது ஓரத்துக் குமிழைத் திருகிக்கொண்டே யோசித்தார். அது அவருடைய பழக்கம். அந்தக் குமிழுக்கு உள்ளே ஒயரே கிடையாது. ஏதோ ஒரு காலத்தில் எதற்கோ வைத்தது. அந்த எதற்கோ போய்விட்டது, இது மிஞ்சிவிட்டது. எதையும் ஏற்றாது, எதையும் இறக்காது, ஆனால் பார்க்க மற்றதெல்லாம்போல் பளபளவென்று இருக்கும். கழற்றிவிடலாம் என்று அவர் ஒருமுறை கேட்டபோது, இருக்கும் பதவியில் கை வைக்கக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது.

மறுநாள் காலையே பண்டகசாலைக்குப் போனார். பண்டகசாலை அலுவலருக்கு அங்கே இரண்டு நாற்காலிகள். ஜன்னலோர நாற்காலி பழுதுபார்ப்புக்கு; அலமாரியோர நாற்காலி புதுப்பொருளுக்கு. இரண்டிலும் உட்காருவது அவர்தான். ஜன்னலோரம் இருந்தார்.

"ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சுண்ணே. ரப்பர் மாத்தினா சரியாயிடும். இல்லைன்னா புதுசு குடுத்தாலும் சரி."

"புதுசு பத்தி இங்க பேசாதீங்க. அதுக்கு அந்த நாற்காலி."

"அங்க யாரும் இல்லையே?"

"வருவார், இருங்க" என்றவர், எழுந்து போய் அலமாரியோரம் அமர்ந்து, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, முதன்முறையாகப் பார்ப்பவர்போல் குண்டூசியைப் பார்த்தார். "சொல்லுங்க, என்ன வேணும்?"

"புது ஸ்பீக்கர் தர முடியுமாண்ணே?"

"ரிப்பேர் பண்ண முடியாதுன்னு அந்த நாற்காலி சொல்லணும். சொல்லிச்சா?"

"நீங்கதானே அண்ணே அது!"

"நான் சொன்னேனா இல்லையா?"

"சொல்லலை."

"அப்ப நான் என்ன பண்றது? அவர் சொல்லாம நான் எப்படி எடுத்துக் குடுக்கிறது? அப்புறம் எங்களுக்குள்ள மனஸ்தாபம் வரும்."

ரிப்பேரா, புதுசா என்பதை உபகரண நலக் குழுதான் தீர்மானிக்க வேண்டும் என்று இரண்டு நாற்காலிகளும் ஒருமனதாகச் சொல்லின. அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான் என்று பிற்பாடு அவரே பெருமையாகச் சொன்னார்.

குழு ஸ்டுடியோவுக்கு வந்தது. தலைவர் துணை இயக்குநர். பேசுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். துடைத்தபின் போட்டுக்கொள்ள மாட்டார். அவருக்கு வலப்பக்கம் சட்ட அலுவலர் அம்மா. இடப்பக்கம் பண்டகசாலை அலுவலர். எந்த நாற்காலியின் சார்பாக வந்திருக்கிறார் என்பதில் தகராறு வரக் கூடாது என்று நின்றுகொண்டிருந்தார்.

அந்த நிலையத்தில் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. தலைவர் நடுவில் அமர்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையை ஆட்டினால் நன்றாக இருக்கிறது. புருவத்தைச் சுருக்கினால் நன்றாக இல்லை. ஆக, கேட்பது ஒருவர், பார்ப்பது மற்றெல்லாரும். இதற்குக் கூட்டுக் கேட்பு என்று பெயர். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு தனியாகக் கேட்டு ஒரு முடிவுக்கு வருவது அங்கே பெரிய ஒழுக்கக்கேடு.

"எதைப் போட்டுக் கேட்கலாம்?" என்றார் துணை இயக்குநர். பாட்டு என்றால் பாடியவர் மீது சந்தேகம் வரும். நாடகம் என்றால் எழுதியவர் மீது வரும். யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாத ஒரே பதிவு இயக்குநரின் ஆண்டுவிழா உரை என்று முடிவாகி, அதைப் போட்டார்கள்.

"நாம்..." பர்ர்ர். "...நமது..." பர்ர்ர்.

துணை இயக்குநரின் புருவம் சுருங்கப் பார்த்தது. மற்றவர்களின் புருவங்களும் தயாராயின. அப்போது சட்ட அலுவலர் அம்மா மெல்லக் கையைத் தூக்கினார்.

"ஒரு விளக்கம் சார். இப்ப ஒரு சத்தம் கேட்குதுன்னு நாம பதிவு பண்ணினா, அது ஸ்பீக்கர்ல இருந்து வருதா, உரையில இருந்து வருதான்னு பின்னாடி கேள்வி வரும்."

"ஸ்பீக்கர்ல இருந்துதான் மேடம் வருது" என்றார் குண்டூசி. "அன்னிக்கு ஏத்தும்போது..."

"யார் ஏத்தினது?"

"நான்தான்."

"யார் ஏத்தச் சொன்னது?"

குண்டூசி வாயைத் திறந்தார். மூன்று ஜோடிக் கண்கள், அதில் ஒரு ஜோடி மூடியிருந்தும், அவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

துணை இயக்குநர் கண்ணைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பேசினார்: "நண்பர்களே, நான் இந்த நிறுவனத்தில் படிப்படியாக மேலே வந்தவன். எந்தப் படியிலும் எதையும் கேட்டதாக என்மீது ஒரு குற்றச்சாட்டு கிடையாது. இன்றும் சொல்கிறேன், நான் கேட்டது இரைச்சல் அல்ல, கம்பீரம். ஒரு தலைவர் பேசும்போது கருவிகளே சிலிர்க்கின்றன என்றால், அது கருவியின் நலத்துக்குச் சான்றே தவிர, சேதத்துக்கு அல்ல. கெட்டதைப் பழுது பார்க்கலாம், கெட்டதை மாற்றலாம். கெடாததை என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றும் செய்ய முடியாதவற்றைத் துணிந்து செய்வதற்காகத்தான் நாம் இங்கே இருக்கிறோம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது: ஸ்பீக்கர் பூரண நலம். சட்ட அலுவலர் அம்மா தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். இனி அந்த ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்பதாக எவர் சொன்னாலும், பதவி வேறுபாடின்றி, அவருக்குக் காது பரிசோதனை செய்ய வேண்டும். 'பதவி வேறுபாடின்றி' என்ற சொல்லில் அவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அதை எந்தத் தீர்மானத்திலாவது நுழைத்துவிட வேண்டுமென்று நெடுநாள் ஆசையாம்.

குண்டூசி மேசை ஓரத்துக் குமிழை ஒரு சுற்றுத் திருகினார்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. எந்த நிகழ்ச்சியும் ஒலிபரப்பாகுமுன் துணை இயக்குநர் வந்து ஸ்பீக்கரில் கேட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக் கேட்பார். பர்ர்ர் என்றதும் பல்வலிக்காரர்போல் முகம் கோணும்.

"அந்தக் கனமான அடிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க, குண்டூசி."

"ஏன் சார், இரைச்சலா இருக்கா?"

"இரைச்சலா? நான் எப்ப சொன்னேன்? குறைங்கன்னுதானே சொன்னேன்."

ஒலிபரப்பாகப் போகும் பதிவிலேயே குறைப்பார். இன்னும் குறைக்கச் சொல்வார். பர்ர்ர் நிற்கும்வரை குறைத்தால் குரல்களில் இருக்கும் கனமெல்லாம் போய்விடும். ஸ்பீக்கர் சும்மா இருந்தது. ஊர் முழுக்க ரேடியோக்கள் கொசுவாய்க் கத்தின. நாடகத்தில் கொலைகாரன் மிரட்டினால் சிரிப்பு வந்தது. செய்தி வாசிப்பவர் ஜலதோஷம் பிடித்த பூனைக்குட்டிபோல் இருப்பதாகக் கேட்பவர்கள் போன் போட்டுத் திட்டினார்கள். இவ்வளவுக்கும் காரணம் ஒலிப்பதிவாளரின் காது என்று துணை இயக்குநர் கண்டுபிடித்தார். இரைச்சல் கேட்பதாக முதலில் சொன்ன ஆளும் அவர்தானே? காதைப் பரிசோதித்து வரச் சொல்லி உத்தரவாகியது. காதில் கோளாறு என்றால் நிலவறையில் இருக்கும் பழைய டேப் கிடங்குக்கு மாற்றல். அங்கே கேட்பதற்கு ஒன்றுமில்லை. தூசியைத் தட்டுவதுதான் வேலை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன குண்டூசி, செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக் குழாய் முன்னால் போய் நின்றார். அவருடைய மனைவிக்கு வீட்டிலேயே தையல் வேலை. மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, குழாயை ஏன் அப்படி முறைச்சுப் பாக்குறீங்க?"

"சொட்டுதா?"

"இல்லையே."

"எனக்குச் சொட்டுற மாதிரி கேக்குதே!" "அப்போ அவங்க சொன்னது சரிதான். எனக்கு இல்லாததெல்லாம் கேக்குது."

மனைவி குழாயடியில் கையை நீட்டினார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. "சொட்டுதுதாங்க. எனக்குத்தான் கேக்கலை." சேலையில் கையைத் துடைத்தபடி அவரைப் பார்த்தார். "உங்களுக்குக் காது போச்சுன்னா முதல்ல சந்தோஷப்படுற ஆள் நான்தான். எங்கம்மாகிட்ட உங்களைப் பத்தி ஒரு வார்த்தை நிம்மதியா போன்ல பேச முடியுதா? பக்கத்துத் தெருவுல வரும்போதே கேட்டுட்டு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க. நேத்துகூட என் மெஷின்ல ஊசி வளைஞ்சிருக்குன்னு படுத்துக்கிட்டே சொன்னது யாரு? போங்க, போய் முகம் கழுவிட்டு வாங்க."

குண்டூசி சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. கையெழுத்து அழகில்லை, பேச்சில் சாமர்த்தியம் இல்லை, மேலதிகாரியைப் பார்த்தால் குழைந்து நிற்கத் தெரியாது. இந்த இரண்டு காதுகளை நம்பித்தான் இவ்வளவு தூரம் பிழைப்பு ஓடியிருக்கிறது. அதையும் ஒருவர் நம்ப விடவில்லை என்றால் மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

காது டாக்டர் அவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, விதவிதமான ஓசைகளை அனுப்பிப் பார்த்தார். முடிந்ததும், "உங்களுக்கு என்ன கோளாறுன்னு வந்தீங்க?" என்றார்.

"கேக்குது டாக்டர்."

"கேட்டா நல்லதுதானே?"

"எங்க ஆபீஸ்ல இல்லை."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, இப்படி ஒரு காதைத் தாம் பார்த்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தம் அறை மின்விசிறியில் ஏதாவது கோளாறு கேட்கிறதா என்றும் விசாரித்துக்கொண்டார். கேட்டது.

டாக்டரின் சீட்டோடு குண்டூசி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குழுவின் முன் போய் நின்றார். நியாயம் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார், பாவம். துணை இயக்குநர் சீட்டைப் படித்து முகம் மலர்ந்தார்.

"மிக்க மகிழ்ச்சி! உங்க காது ரொம்ப நல்ல காதுன்னு டாக்டரே சொல்லிட்டார்."

"ஆமா சார்."

"நல்ல காதுக்கு இல்லாத சத்தம் கேட்குமா?"

"கேக்காது சார்."

"ஸ்பீக்கர்ல இரைச்சல் இல்லைன்னு குழு தீர்மானிச்சிருக்கு. ஆக, இல்லாத இரைச்சல் உங்களோட நல்ல காதுக்குக் கேட்டிருக்க முடியாது. கேட்கலைன்னு இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

"கேட்டுச்சே சார்!"

"அப்ப டாக்டர் சொன்னது பொய். காது கெட்டது. கிடங்கு." பேனாவைத் திறந்து நீட்டினார். "உங்களை ரிப்பேர் பண்றதா, உங்களுக்குப் பதிலா வேற ஆளைப் போடுறதான்னு நாங்க இன்னொரு கூட்டம் போட வேண்டாம் பாருங்க."

பண்டகசாலை அலுவலர் அனுதாபத்தோடு தொண்டையைச் செருமினார். "போட்டுடுங்க குண்டூசி. ரெண்டு நாற்காலி சார்பாவும் சொல்றேன்."

குண்டூசி கையெழுத்துப் போட்டார். போட்ட கை கூசியது. வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். காதைப் பற்றிச் சொன்னதில்லை.

ஆனால் ஊரில் கொசுச் சத்தம் ஓயவில்லையே? குழு மறுபடி கூடியது. ஸ்பீக்கர் நலம். ஒலிப்பதிவாளர் காதும் நலம். குழுவின் நலத்தைப் பற்றிக் கேள்வியே இல்லை. மிச்சம் இருப்பது கேட்பவர்களின் ரேடியோப் பெட்டிதான். ஊரிலுள்ள எல்லா ரேடியோவும் ஒரே நேரத்தில் எப்படிக் கெடும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் தலையாட்டிப் பழகியவர்களுக்கு அது ஓர் அதிசயமாகத் தோன்றவில்லை. பொதுமக்கள் தங்கள் ரேடியோப் பெட்டிகளை உடனே பழுது பார்க்குமாறு அல்லது மாற்றுமாறு நிலையத்தின் சார்பில் ஓர் அன்பான அறிவிப்பு. விஷயத்தின் முக்கியத்துவம் கருதி, அதை இயக்குநரே தம் குரலில் வாசிப்பார் என்று முடிவாயிற்று.

நெடுநாளுக்குப் பிறகு இயக்குநர் இரண்டாம் ஸ்டுடியோவுக்குள் காலடி வைத்தார். குழு முழுவதும் பின்னால் வந்தது. வாசித்தார். பதிவாயிற்று. "போட்டுக் காட்டுங்க" என்றார்.

குண்டூசி அடிச் சத்தத்தைக் குறைப்பதற்குப் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார். இரைச்சல் எதுவும் கேட்கவில்லை என்றுதானே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்? கேட்காதவனுக்கு எதைக் குறைக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? துணை இயக்குநரும் குறைக்கச் சொல்லவில்லை. இயக்குநர் குரலைக் குறை என்று சொல்லும் நாக்கு அந்தக் கட்டடத்தில் எவருக்கும் இல்லை.

"நாம்..." பர்ர்ர்ர்! மேசை மீதிருந்த தேநீர்க் கோப்பை தட்டோடு கிடுகிடுத்தது.

இயக்குநர் துள்ளி எழுந்தார். "என்ன அது?"

"எது சார்?" என்றார் துணை இயக்குநர்.

"அந்த இடதுபக்கம்! பர்ர்ருன்னு!"

துணை இயக்குநர் சட்ட அலுவலர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா பண்டகசாலை அலுவலரைப் பார்த்தார். அவர் இரண்டு நாற்காலியும் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து குண்டூசியைப் பார்த்தார்கள்.

குண்டூசி சாவதானமாகச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார்."

"கேட்கலையா?"

"நல்ல காதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார் சார். அதுக்கே கேக்கலை."

"எனக்கும் கேட்கலை சார்" என்றார் துணை இயக்குநர் அவசரமாக. "எனக்கும்." "எனக்கும்தான் சார்." சட்ட அலுவலர் அம்மா, சொல்லலாமா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் சொல்லியே விட்டார். "சார், ஒரு சின்ன தீர்மானம் இருக்கு. அதுல... பதவி வேறுபாடின்றின்னு ஒரு வார்த்தை இருக்கு சார்."

இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஓய்வு பெற வேண்டிய வயது வந்து, பதவி நீட்டிப்புக்குக் காத்திருப்பவர் அவர். இந்த நேரத்தில் காது பரிசோதனை என்று பேச்சு வந்தால் போதும், நீட்டிப்பு அங்கேயே நின்றுவிடும். "இல்ல, இல்ல... சும்மா உங்க கவனத்தைச் சோதிச்சுப் பார்த்தேன்" என்று சிரித்துவிட்டு வெளியேறினார். சிரிப்பு முகத்தில் பாதிதான் ஏறியிருந்தது.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டுடியோக் கதவு மெல்லத் திறந்தது. இயக்குநர் தனியாக வந்து, கதவைச் சாத்திவிட்டு, குண்டூசிக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார்.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். பர்ர்ர்.

"குண்டூசி, உண்மையைச் சொல்லுங்க." அந்தச் சின்னக் குரல் இன்னும் சின்னதாகியிருந்தது. "நிஜமாவே உங்களுக்குக் கேட்கலையா? எனக்கு மட்டும்தானா? காலையில இருந்து இருப்புக் கொள்ளலை. என் ரூம்ல கடிகாரத்துக்கிட்ட போய்க் காதை வச்சுப் பார்த்தேன். வீட்டுக்குப் போன் போட்டு, சும்மா பேசிக்கிட்டே இருன்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னேன். அவ பயந்துட்டா."

குண்டூசிக்கு ஒரு நிமிஷம் ஆனந்தமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? 'கேக்கலை சார்' என்று இன்னொரு தரம் சொன்னால் போதும், ஆள் நேரே கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்காருவார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கடிகாரத்தில் காதை வைத்து நிற்கும் அந்தப் பெரிய உருவத்தை நினைத்ததும், குளியலறைக் குழாய் முன்னால் செருப்போடு நின்ற இன்னோர் ஆள் ஞாபகத்துக்கு வந்தான்.

"கேக்குது சார். நல்லாவே கேக்குது. முதல் நாள்லேருந்து கேக்குது."

"அப்பாடா!" இயக்குநர் நாற்காலியில் முழுக்கச் சாய்ந்தார். கண்ணோரம் ஈரம் தெரிந்தது. "நல்லா இருங்க. நல்லா இருங்க நீங்க." அதைத் துடைத்துக்கொண்டு, "இது எப்படிக் கிழிஞ்சுது?" என்றார்.

குண்டூசி ஸ்பீக்கரைப் பார்த்தார். "வயசு சார்."

"எனக்கா?"

"ஸ்பீக்கருக்கு."

"ஓ. சரி, ரிப்பேர் பண்ணலாமா, மாத்தலாமா?"

"ரெண்டும் முடியாது சார். அது பூரண நலம்னு தீர்மானம் போட்டாச்சு. நல்லா இருக்கிறதை ரிப்பேர் பண்ண ஸ்டோர் அண்ணனோட ஒரு நாற்காலி விடாது. மாத்த இன்னொரு நாற்காலி விடாது."

இயக்குநர் கண்ணை மூடினார். வெறுமனே அந்தப் பதவிக்கு வந்துவிடவில்லை அவர். கண்ணைத் திறந்தபோது முகத்தில் பழைய ஒளி வந்திருந்தது.

"நம்ம நிலையத்துல ஒருத்தர் நல்லா இருக்கார், ஒரு குறையும் இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்பணும்னா என்ன செய்வோம்?"

குண்டூசிக்குச் சட்டென்று பிடிபட்டது. "ஓய்வு குடுப்போம் சார்!"

"அவ்வளவுதான்!"

உலகத்தில் வேறெந்த ஸ்பீக்கருக்காவது பணி ஓய்வு விழா நடந்திருக்கிறதா, தெரியாது. இங்கே நடந்தது. இடதுபக்க ஸ்பீக்கர் ஓய்வு பெற, அதைப் பிரிந்திருக்க முடியாது என்று வலதுபக்க ஸ்பீக்கருக்கும் விருப்ப ஓய்வு வழங்கப்பட்டது. இரண்டையும் ஒரு மேசைமேல் பூங்கொத்தோடு உட்கார வைத்தார்கள். அவற்றின் இடத்தில் புதிதாக ஒரு ஜோடி. அதைப் பொருத்தும்போது குண்டூசி குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறவர்போல் கிடத்தினார். அலமாரியோர நாற்காலிதான் எடுத்துக் கொடுத்தது. ஜன்னலோர நாற்காலிக்கு இதில் லேசான வருத்தம் என்று கேள்வி. குண்டூசி ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு ஓசையும் அதனதன் இடத்தில் சுத்தமாக நின்றது.

ஸ்டுடியோவிலேயே விழா தொடங்கியது. துணை இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஓய்வு பெறும் ஸ்பீக்கர் தம் பணிக்காலத்தில் ஒருநாள்கூட எதிர்த்து ஒரு சத்தம் போட்டதில்லை என்று பாராட்டினார். அடுத்து இயக்குநர். பழைய ஸ்பீக்கருக்குத் தாம் ஆற்றும் பிரிவுபசார உரையைப் புது ஸ்பீக்கரில்தான் எல்லாரும் கேட்க வேண்டும் என்று சொல்லி மைக்கைப் பிடித்தார்.

"நாம்..." என்றார். புது ஸ்பீக்கர் நேர்மையானது. உள்ளது உள்ளபடியே கேட்டது. இயக்குநர் முகம் வாடிவிட்டது.

"குண்டூசி, கம்பீரம் பத்தலையே. கொஞ்சம் ஏத்துங்க."

குண்டூசியின் கை ஒலியை ஏற்றும் நிஜக் குமிழின் மேல் போனது. லேசாகத் திருப்பினார்.

"இன்னும் நல்லா ஏத்துங்க. புதுசுதானே, தாங்கும்!"

குண்டூசி புது ஸ்பீக்கரைப் பார்த்தார். பூங்கொத்துக்கு நடுவில் இருக்கும் பழையதைப் பார்த்தார். வரிசையாக உட்கார்ந்து துணை இயக்குநரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நிலையத்தாரைப் பார்த்தார். பிறகு கையை எடுத்து, மேசையின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோய், ஒயரில்லாத அந்தப் பளபளப்பான குமிழைப் பிடித்து ஒரு முழுச் சுற்றுத் திருப்பினார்.

"ஏத்தியாச்சு சார்."

"நாம்..." என்றார் இயக்குநர். அதே குரல்தான். அரை அணுகூட ஏறவில்லை. ஆனால் இயக்குநரின் முகம் மலர்ந்தது. "ஆ! இது! இதத்தான் கேட்டேன்!"

துணை இயக்குநர் கண்ணை மூடியபடி தலையாட்டினார். எல்லாத் தலைகளும் ஆடின. என்ன கம்பீரம், என்ன கம்பீரம் என்று சட்ட அலுவலர் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது குண்டூசிக்கு அங்கிருந்தே கேட்டது. அவர் கன்னத்தை உட்பக்கமாகக் கடித்துக்கொண்டார். குமிழிலிருந்து கையை எடுக்காமல் பணிவாகக் கேட்டார்:

"இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா சார்?"

"வேணாம்ப்பா, போதும்" என்றார் துணை இயக்குநர், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. "காது வலிக்குது."